கார்டு மாறியது, வேகம் மாறவில்லை

வாங்கிய பொருள் எதிர்பார்த்தபடி இயங்காவிட்டால், விற்றவர் மீதுதான் நம் ஐயம் முதலில் விழுகிறது. கணினிப் பாகங்களில் அது இன்னும் விரைவாக எழுகிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா! சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றை, பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும் பெற்றோருக்குப் பயன்படும் என்றெண்ணி இங்கே எழுதுகிறேன்.

என் ராத்தாவின் மகன் கல்லூரியில் படிக்கிறான். அவர்கள் வீட்டுக் கணினி 2017இல் வாங்கியது. நான்கு கோர்கள் கொண்ட இன்டெல் ஐ5-7400 பிராசசர், 8 ஜிபி ரேம், ஏஎம்டியின் சிறிய கிராபிக்ஸ் கார்டு. மூன்று ஆண்டுப் பெருநாள் காசையும், தம்மாமில் பணிபுரியும் மச்சான் அனுப்பிய தொகையையும் சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் ஒரு சிறு கடையில் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றை வாங்கி வந்தான். ஆனால் அவன் விளையாடும் கார்ப் பந்தயம், பழைய கார்டில் ஓடியதைவிடப் பெரிதாக வேகம் பெறவில்லை. கூட்டம் மிகுந்த காட்சிகளில் திக்கித் திக்கி நின்றது.

"மாமா, ஏமாத்திட்டாங்க. மைனிங்ல போட்டு எரிச்ச கார்டைத் தலையில கட்டிட்டாங்க" என்றான். கடையின் படத்தைப் போட்டு, இங்கே யாரும் வாங்காதீர்கள் என்று எழுதி, வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்ப ஆயத்தமாக வைத்திருந்தான். மச்சானும் தொலைபேசியில் கொதித்தார். வெளிநாட்டில் உழைத்த காசு. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் சிறு வியாபாரிக்கு அவருடைய நற்பெயர்தான் மூலதனம். நூறு கைபேசிகளுக்குப் போய்விட்ட செய்தியைத் திரும்ப அழைக்க முடியாது. "கார்டு கெட்டதுன்னு தெரிஞ்சா நானே உன்கூட வந்து கேக்குறேன். அதுவரைக்கும் அனுப்பாதே" என்றேன். அவனுக்கு உடன்பாடில்லை, ஆயினும் காத்திருந்தான். அலுவலகக் கணினிகளைப் பராமரித்த பழக்கம் எனக்கு உண்டு. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் எளியவை. மானிட்டர் கேபிள் கார்டில் அல்லாமல் மதர்போர்டில் செருகப்பட்டிருந்தால், பெரும்பாலும் பிராசசரில் அடங்கிய சிறு கிராபிக்ஸே வேலை செய்யும். இங்கே கேபிள் சரியாகவே இருந்தது. கார்டும் மேலுள்ள முதன்மை ஸ்லாட்டில்தான் இருந்தது. பவர் சப்ளை 550 வாட். 170 வாட் இழுக்கும் இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் அதுவே. பழைய கார்டு ஏஎம்டி, புதியது என்விடியா என்பதால், டிடியூ என்னும் இலவச மென்பொருளால் பழைய டிரைவரின் மிச்சங்களை நீக்கிவிட்டுப் புதிய டிரைவரை நிறுவினோம். மாற்றம் சொற்பமே.

அடுத்து, கடைக்காரர் மீதான ஐயம். பழைய சிப்புக்குப் புதிய பெயர் சூட்டி விற்கும் மோசடி உலகில் உண்டு. ஜிபியு-இசட் என்னும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளும். இந்தக் கார்டு 3584 கோர்களும் 12 ஜிபி நினைவகமும் கொண்ட உண்மையான 3060 என்றே அது காட்டியது. கார்டை மட்டும் சோதிக்கும் மென்பொருளைக் கால் மணி நேரம் ஓட்டினோம். வெப்பம் கட்டுக்குள் இருந்தது, வேகம் குறையவில்லை.

பிறகு விளையாட்டை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைக் கவனித்தோம். கார்டு பாதி உழைப்பிலேயே நின்றது. பிராசசரோ 100 சதவீதத்தில் திணறியது. விளையாட்டின் படத்தெளிவை 1080இலிருந்து 720க்கு இறக்கினோம். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்தும் வேகம் கூடவில்லை. தடை கார்டில் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வேண்டிய கணக்குகளைப் பிராசசர் முடித்துக் கொடுத்தால்தான் கார்டு வரைய முடியும். கல்யாண வீட்டில் பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டு, வெங்காயம் அரிய ஒரே ஆளை உட்காரவைத்தது போன்ற நிலை.

பிராசசரின் வெப்பம் 97 பாகையைத் தொட்டிருந்தது. குளிர்விப்பானின் இடுக்குகளில் ஏழாண்டுத் தூசி. தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது. 100 பாகையை நெருங்கினால் அந்தப் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேமும் ஒற்றைத் துண்டு, முழுவதும் நிரம்பியிருந்தது. இரண்டு துண்டுகளைப் பொருத்தினால் கொள்ளளவோடு, தரவு செல்லும் பாதையும் இரட்டிப்பாகும்.

ரேம் வாங்க அதே கடைக்குத்தான் போனான். கடைக்காரர் பழைய ரேமின் வேகத்தைக் கேட்டு, அதற்கு இணையானதைத் தேடிக் கொடுத்து, எந்த ஸ்லாட்டில் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினாராம். தம்மைப் பற்றி ஒரு கைபேசியில் எழுதி வைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. அன்றிரவே அதை அவன் அழித்துவிட்டான்.

தூசி நீக்கி, பேஸ்ட் தடவி, ரேமைச் சேர்த்த பின் திக்கல் நின்றது. செலவு, கார்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் நான்கு கோர்களின் வரம்பு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த தலைமுறைப் பிராசசர் அந்த மதர்போர்டில் இயங்காது. மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். அதைத் தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். மீதமிருக்கும் கார்டின் ஆற்றலைக் காட்சித் தரத்தைக் கூட்டிப் பயன்படுத்திக்கொள்கிறான். மச்சானுக்கு அவனே அழைத்து எல்லாவற்றையும் விளக்கினான்.

பிள்ளைகள் கார்டு கேட்டால், வாங்கும் முன் இப்போதுள்ள கணினியில் விளையாட்டை ஓடவிட்டு, கார்டு, பிராசசர், ரேம் ஆகிய மூன்றில் எது முதலில் 100 சதவீதத்தைத் தொடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பிராசசரின் வெப்பத்தையும் பாருங்கள். பழைய கார்டாக இருந்தால், கடையிலேயே ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். நேர்மையான வியாபாரி அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.