மணியின் சோம்பல்

எங்கள் மணிக்கு வயது 12. வாசலில் தபால்காரர் வந்து நின்றாலும் எழுந்திருப்பதில்லை. "சோம்பேறி நாயே!" என்று இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் ஒரு நாள் காலையில் சொன்னாள்: "அது எழுந்திருக்கிறதைப் பாருடா. நானும் அப்படித்தானே எழுந்திருக்கிறேன்? மூட்டுவலிடா அதுக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. மனிதர் மனத்தை எழுதிப் பிழைக்கிறவன், காலடியில் கிடந்த வலியைப் பார்க்கவில்லை! பரபரப்பில் அம்மாவின் இபுபுரூஃபன் மாத்திரையில் பாதியை உடைத்துவிட்டேன். நல்லவேளை, கொடுக்குமுன் கால்நடை டாக்டரைக் கேட்டேன்.

"ஐயையோ! நமக்கு மருந்து, அதுக்கு விஷம். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும்" என்றார்.

மூட்டில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். மணியை நிறுத்துப் பார்த்து, எடைக்குத் தக்கபடி மெலாக்சிகாம் எழுதித் தந்தார். சோற்றைக் குறைக்க வேண்டும். வழுக்கும் தரையில் சாக்கு விரிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் நடத்த வேண்டும்.

இப்போது சாயங்காலங்களில் மூவரும் தெருமுனை வரை போகிறோம். மணி நின்றால் அம்மா நிற்கிறாள்; அம்மா நின்றால் மணி நிற்கிறது. அவசரமெல்லாம் எனக்கு ஒருவனுக்குத்தான்.