ஒண்ணரை கிலோ ஏலக்காய்க்கு ஒரு ராத்திரி!

அம்மாவை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாஸ்போர்ட், விசா எதுவும் தேவைப்படவில்லை. போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டாக்ஸி பிடித்து, முந்தல் செக்போஸ்ட் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் பூப்பாறை போகிற பாதையில் இன்னும் கொஞ்ச தூரம்... ஏலக்காட்டுக்குள்ளே ஜப்பான் வந்துவிட்டது!

விஷயம் இதுதான். ஒரு கம்பெனிக்கு ஆண்டறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பாதிக் கூலி பணமாக வந்தது. மீதிப் பாதி, 'ஜப்பானிய மரபில் ஓர் இயற்கை வாசம் - இருவருக்கு' என்று அச்சடித்த கூப்பனாக வந்தது. நான் பி.காம். வராக் கடனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லிக் கொடுத்த வாத்தியார், கூப்பனை எதில் எழுதுவது என்று சொல்லித் தரவில்லை. மனைவிக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. "அத்தையைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள்.

அம்மாவுக்கு அந்த மலை புதிசில்லை. இருபத்திரண்டு வருஷம் அங்கே ஏலக்காய் எடுக்கப் போனவள். விடிகாலை மூணரைக்கு எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறுவாள். எட்டுப் பேர் உட்காரலாம் என்று ஜீப் செய்தவன் நினைத்திருப்பான். நம் டிரைவர் அண்ணன் பதினெட்டுப் பேரை ஏற்றுவார். நான் காலேஜில் கட்டிய ஃபீஸ் மொத்தமும் சாயங்காலம் அந்த ஜீப்பிலிருந்துதான் இறங்கி வந்தது.

ஏலச் செடி ஆளைவிட உயரமாக வளரும். ஆனால், காயை மட்டும் ஆள் உயரத்தில் வைக்காது. அடித்தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையோடு தரையாகப் படரும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். அட்டைகள் வேறு காலில் ஏறி ரத்ததானம் கேட்கும். அம்மாவின் இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த காரணங்களில் இதெல்லாம் கிடையாது.

ஹோட்டல் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். "நல்ல பழக்கம்" என்று அம்மா சர்டிபிகேட் கொடுத்தாள். சாவியை ஒரு சின்ன மரக்கட்டையில் கட்டி, இரண்டு கையாலும் ஏந்தி, அம்மாவிடம்தான் கொடுத்தார்கள். பட்டாவை வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டாள்.

ரூமுக்குள் போனால் கட்டில் இல்லை. பாய். அதன்மேல் சுருட்டி வைத்த மெத்தை.

"ஏண்டா, இம்புட்டு தூரம் வந்து தரையிலயா படுக்கணும்?"

"ஜப்பான்ல இப்படித்தாம்மா. தாத்தாமினு பேரு. ஈகுசானு ஒரு புல்லுல நெய்யிறது."

"நம்ம ஊர்ல இதுக்குப் பேரு கோரப்பாய். அதை வித்துட்டுத்தானே உனக்குக் கட்டில் வாங்கினேன்?"

பதில் சொல்லத் தெரியாததால் சரித்திரம் சொன்னேன். ஜப்பானில் இந்த மாதிரி விடுதிக்கு ரியோகான் என்று பெயர். யமனாஷி பக்கம் ஒரு மலை இடுக்கில் இருக்கிற கெய்யுன்கான் என்கிற விடுதி கி.பி. 705-ல் ஆரம்பித்தது. உலகத்திலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸில் இருக்கிறது. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கயும் பாய்தானா?" என்றாள்.

சாயங்காலம் 'வனக்குளியல்'. சோப்பு, துண்டு வேண்டாம். காட்டுக்குள் மெதுவாக நடந்து மூச்சு விட்டால் போதும். ஷின்ரின் யோகு என்பார்கள். சும்மா கேலி செய்யவும் முடியாது. 1982-ல் ஜப்பான் வனத்துறையே வைத்த பேர் அது. ஆபீஸும் ரயிலுமாக வாழ்கிற ஜனங்களைக் கொஞ்சம் காட்டுப் பக்கம் இழுப்பதற்காக. பின்னால் விஞ்ஞானிகள் வந்து ரத்த அழுத்தமெல்லாம் அளந்து பார்த்தார்கள்.

கூட்டிக்கொண்டு போன பையன் குரலைத் தாழ்த்தி, "ஆழமா மூச்சு இழுங்க... மனசுல எதையும் நினைக்காதீங்க..." என்றான். நான் கண்ணை மூடி, இ.எம்.ஐ. தேதியை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் அம்மாவைக் காணோம். செடி மூட்டில் குனிந்து நிற்கிறாள். மடியில் ஒரு கைப்பிடி பச்சைக் காய்!

"மேடம், அதெல்லாம் எடுக்கக் கூடாது."

"நாளைக்கி விட்டா வெடிச்சுரும் தம்பி. அஞ்சாறு கிலோ பச்சைக் காய் காஞ்சாத்தான் ஒரு கிலோ தேறும். உங்க மேஸ்திரிகிட்ட சொல்லு, இந்தப் பக்கம் ஆள் விடலைனு."

ராத்திரி ஏழு கிண்ணத்தில் ஏழு வாய் சாப்பாடு. "சாமிக்குப் படைச்சதா?" என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து புளிசாதப் பொட்டலத்தை எடுத்தாள். ஜப்பானியப் பாயில் உட்கார்ந்து, சத்தம் காட்டாமல் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்த இடத்து அமைதிக்கு நாங்கள் கொடுத்த அதிகபட்ச மரியாதை அது.

விடிகாலை முழிப்பு வந்தது. மணி மூணரை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பூச்சிச் சத்தம். இலையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

"தூக்கம் வரலையாம்மா?"

"பழக்கம், போகுமா? ஏண்டா, இந்த மலை ராத்திரியில எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"இருபத்திரண்டு வருஷத்துல பாத்ததில்லையா?"

"பொழுது சாஞ்சா ஜீப் கீழ போயிருமே."

எனக்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "ரூம் எம்புட்டு?" என்றாள். கூப்பனில் 10,500 என்று போட்டிருந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அந்த உச்ச விலையில் கணக்குப் போட்டால் ஒண்ணரை கிலோ. அம்மா வாங்கின கூலியில் கணக்குப் போடவில்லை. என் பி.காம். அங்கே நின்றுவிட்டது.

"சும்மாதான்மா. கூப்பன்" என்றேன். இது பொய் இல்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மேட்டில் ஜீப்புகள் ஏறுகிற சத்தம். பக்கத்து ரூம்காரர் வெளியே வந்து, "காசு குடுத்து அமைதிக்கு வந்தா இதென்ன சார் சத்தம்?" என்று என்னிடமே முறையிட்டார். அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். "ஏழு... எட்டு... ஆள் வரத்து கொறைஞ்சு போச்சுடா."

வேலியோரம் நாலு பொம்பளைகள் தூக்குவாளியோடு இறங்கினார்கள். அம்மா அங்கே போய்விட்டாள். பேச்சு இங்கே கேட்டது.

"அக்கா புதுசா? கூட்டுற வேலையா, சமையலா?"

"தங்க வந்திருக்கேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கேலியில்லை. அம்மாவும் சிரித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து மரக்கட்டைச் சாவியை எடுத்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது. ஒருத்தி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அவள் இன்னொருத்தியிடம். "ஏண்டா, இவங்களுக்கு நாலு டீ சொல்லு" என்று அம்மா குரல் கொடுத்தாள். நான் ரிசப்ஷனுக்கு ஓடினேன்.

கைப்பிடி இல்லாத ஜப்பான் கோப்பையில் நாலு டீ வந்து சேர்வதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். காட்டுக்குள் போய்விட்டார்கள். இரண்டு டீயை நான் குடித்தேன். இரண்டை அம்மா குடித்தாள். (அதற்குத் தனி பில். கூப்பனில் சேராதாம்.)

பதினோரு மணிக்குக் கிளம்பி, முந்தலுக்குப் பக்கத்தில் வரும்போது போன் அடித்தது.

"சார், ரூம் சாவியைக் கொண்டுபோயிட்டீங்க போலிருக்கே..."

அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை முடிச்சு கனமாகத் தொங்கியது.

"அடுத்த தடவை வரும்போது குடுத்தா ஆகாதாமா?" என்றாள்.