வாரத்துக்கு ஒரு மணி நேரம்

ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்பிலேயே பின்தங்குவது ஏன் என்று கேட்டால், "அப்பா அம்மாவுக்குப் படிப்பில்லை, என்ன செய்ய?" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இதற்கு நல்ல பதில் ஜமைக்காவில் இருக்கிறது. ஆமாங்க, நம்ம கிரிக்கெட் புகழ் ஜமைக்காதான்!

1986-87ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத 129 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. எல்லோரும் 9 மாதத்திலிருந்து 2 வயதுக்குள். நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்குச் சத்துணவு, இன்னொன்றுக்கு வாரம் ஒரு மணி நேரம் வீடு தேடி ஆள் வருவது, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. இப்படி 2 வருடம் நடந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் டீச்சர்கள் இல்லை, சுகாதாரப் பணியாளர்கள். கொண்டுவந்ததும் வீட்டில் கிடைக்கும் பொருட்களில் செய்த பொம்மைகள்தான். குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

20 வருடம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம்! 2014ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை. அதற்காகச் சோறு வேண்டாம் என்று அர்த்தமில்லை. சோற்றோடு பேச்சும் வேண்டும்.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். மூன்று வயதுப் பையனுக்காக அஞ்சு வட்டிக்கு வாங்கி எல்கேஜி ஃபீஸ் கட்டியிருக்கிறார். "நான் அஞ்சாங்கிளாஸ் தம்பி, அவனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்?" என்கிறார். பையனோ பக்கத்தில் உட்கார்ந்து மல்லி தனியாக, கனகாம்பரம் தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறான். "இதுல எத்தனை பூ இருக்கு, எது பெருசுன்னு கேளுங்கக்கா, அதுவும் பாடம்தான்" என்றேன். சிரித்தார். ஆனால் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய், ராத்திரிவரை பூக்கட்டுகிறவருக்கு நான் ஒரு நாள் சொன்ன யோசனை எத்தனை நாள் நிற்கும்?

ஜமைக்காவில் வேலை செய்தது அறிவுரை இல்லை, நண்பர்களே. வாராவாரம் ஒருத்தர் வந்து அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததுதான். அறிவுரை சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறோம். உட்காரத்தான் ஆள் வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், நம்மில் யாரிடம் இல்லை?