போலீஸ் பிடிக்காத தலை

2015 ஜூலை 1 முதல் இருசக்கர மோட்டார் வாகனத்தில் போகிறவர்கள் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னபோது, எங்கள் பாளையங்கோட்டையிலும் கொஞ்ச நாள் எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. அப்புறம் அது பெட்ரோல் டேங்கின் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு முழங்கைக்கு வந்தது. இப்போது பலருடைய வண்டியில் கண்ணாடிக் கம்பியில் தொங்குகிறது. தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தால் தலைக்கு ஏறும். சிக்னலைத் தாண்டியதும் இறங்கிவிடும்.

சைக்கிள்காரனுக்கு அந்தப் பயமும் கிடையாது. ஹெல்மெட் பற்றிப் பேசுகிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளோடு நின்றுவிடுகிறது. மிதித்துக்கொண்டு போகிறவனை எந்தப் போலீஸ்காரரும் மறித்து, "எங்கய்யா ஹெல்மெட்?" என்று கேட்கப் போவதில்லை. அதனால்தான் சைக்கிள் ஹெல்மெட்டைப் பற்றி எழுத எனக்கு ஆசை. அதட்டுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் தனக்காக என்ன செய்துகொள்கிறார் என்று பார்ப்பது, வாத்தியார் வேலை பார்த்த எனக்குப் பழகிப்போன வழக்கம். பரீட்சை நேரத்தில் சூப்பர்வைசர் வராந்தாவுக்குப் போன பிறகுதான் வகுப்பின் உண்மையான முகம் தெரியும்.

என் வயதுக்காரர்கள் பலர் இப்போது சைக்கிளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னால் முட்டி ஒத்துழைக்கவில்லை. சைக்கிள் மிதித்தால் முட்டிக்குப் பாரம் குறைவு. காலையில் வண்டியைத் தெருவில் இறக்கினால் எதிர்வீட்டு நண்பர் தவறாமல் கேட்பார்: "என்ன அண்ணாச்சி, நிலாவுக்கா பயணம்? மெல்ல உருட்டிட்டுத்தான போதோம். இதுக்கு எதுக்கு இந்தச் சட்டி?"

மெல்லத்தானே போகிறோம் என்ற இந்தச் சமாதானத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1078 என்று ஒரு தர விதி இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் ஒரு போலித் தலையை மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பாளத்தின் மேல் விழவிடுவார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 19.5 கி.மீ. சைக்கிளில் உட்கார்ந்திருக்கிற ஆளின் தலையும் தரையிலிருந்து ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, நின்றுகொண்டிருக்கும் சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தாலே தலை தரையைத் தொடும்போது அந்த வேகத்தை நெருங்கிவிடும். ஓட்டிய வேகம் கணக்கில் வருவதற்கு முன்பே உயரம் தன் வேலையை முடித்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ரயில்வே கேட் திறக்கட்டும் என்று ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். செருப்புக்கடியில் பொடி மணல். கால் வழுக்கியது, வண்டியோடு சரிந்தார். வண்டிக்குக் கீறல்கூட இல்லை. அவருக்குக் காதுக்கு மேலே தையல் போட்டார்கள். கொஞ்ச காலத்துக்குப் பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் அவர் வாயில் இடம் மாறி மாறி வந்தது. பெரியவனைச் சின்னவன் பெயரால் கூப்பிட்டுவிட்டு, தப்பு என்று தெரிந்தும் சரியான பெயர் வராமல் திணறி நிற்பார். லாரி இல்லை, பஸ் இல்லை, வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும்: சைக்கிள் ஹெல்மெட் இப்படி விழுகிற விழுகைக்காகத்தான் செய்யப்பட்டது. பஸ் வந்து இடித்தால் அது காப்பாற்றும் என்று சொல்கிறவர் வியாபாரம் பேசுகிறார்.

அதன் உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளையாக வருமே, அந்தத் தெர்மாகோல் சாதிதான். இன்னும் இறுக்கமாக வார்த்தது. மூளை மண்டையோட்டுக்குள் நீர் சூழ இருக்கிறது. தலை தரையில் பட்டு நின்றாலும் மூளை நிற்காமல் போய்ச் சுவரில் இடிக்கும். தெர்மாகோல் நசுங்குகிற அந்த ஓரிரு சென்டிமீட்டர், தலை நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் வாங்கித் தருகிறது. கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவுதான், ஆனால் அது போதும். நசுங்கியது திரும்ப எழும்பாது. தீக்குச்சி மாதிரி, ஒரு உரசலோடு அதன் ஆயுள் முடிந்தது. விழுந்து எழுந்தபின் மேல் ஓட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகலை" என்று அதையே மறுபடி மாட்டுவது வெறுந்தலையோடு போவதற்குச் சமம்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுங்கள். புருவத்துக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு, காதுக்கு மேலாகச் சுற்றி, பிடரியின் புடைப்பான இடத்தில் அளக்கவேண்டும். வருகிற சென்டிமீட்டர் கணக்கும் ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கிற கணக்கும் பொருந்தவேண்டும். அதே சீட்டில் ஈஎன் 1078 என்றோ, அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமான சிபிஎஸ்சி தரம் என்றோ இருக்கிறதா பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை குத்திய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது ஒரு கிலோவைத் தாண்டும். சைக்கிளுக்கானது முந்நூறு கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். நம் வெயிலில் அந்த ஒரு கிலோவை மாட்டிக்கொண்டு மிதித்தால் நாலு தெரு தாண்டுவதற்குள் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிடுவீர்கள். காதையும் மூடிவிடும், பின்னால் வருகிற வண்டியின் சத்தத்தை நம்பி ஓட்டுகிற நமக்கு அது சரிப்படாது. கட்டட வேலைக்காரர்களின் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போகிறவரையும் பார்த்திருக்கிறேன். அது மேலிருந்து செங்கல் விழுந்தால் தாங்குவதற்கு. நாமே விழுவதற்கு அல்ல.

விலை பற்றிப் பயப்படவேண்டாம். ஆயிரம் ரூபாய் அளவிலேயே நல்லது கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் எடை குறைவதற்கும் காற்று வருவதற்கும் அழகுக்கும். மிப்ஸ் என்று ஒன்று சொல்வார்கள். ஸ்வீடனில் ஒரு நரம்பு அறுவை மருத்துவர் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது. தலை கோணலாகத் தரையில் படும்போது மூளை சுழன்றுவிடாதபடி, உள்ளே ஒரு மெல்லிய தகடு கொஞ்சம் நழுவிக் கொடுக்கும். கையில் காசிருந்தால் வாங்கலாம். ஆனால் தலைக்குப் பொருந்தாத மிப்ஸைவிடப் பொருந்துகிற சாதாரண ஹெல்மெட் மேல் என்பது என் கட்சி. எங்கள் தெருவில் ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்து மகன் விலையுயர்ந்த ஒன்றை அனுப்பினான். பொட்டுப் பொறியில் அழுத்துகிறது, நெற்றியிலும் பிடரியிலும் விரல் நுழைகிற இடைவெளி. இவர் தலை உருண்டை, அது நீளவாக்குத் தலைக்கு வார்த்தது. அப்பாவின் தலை அளவு மகனுக்குத் தெரியாது, பாவம். போனில் கேட்டிருக்கலாம்.

கடையில் வாரை மாட்டாமல் சும்மா தலையில் வைத்து, பின்பக்கத் திருகை இறுக்கிவிட்டு, ஹெல்மெட்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். நெற்றித் தோலும் புருவமும் கூடவே அசையவேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது உங்களுடையது இல்லை. புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். திருநீறு அழியக்கூடாது, வேர்க்கக்கூடாது என்று பின்னால் தள்ளி, நெற்றி முழுக்கத் தெரிய வைத்துக்கொள்கிறார்கள். முன்னால் குப்புற விழுகிறவனுக்கு முதலில் தரையில் படுவது அந்த நெற்றிதான்.

காதின் இரு பக்கமும் வருகிற வார்கள் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேரவேண்டும். அந்தச் சந்திப்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பூட்டு இருக்கும். அதை மேலும் கீழும் நகர்த்தலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கடையில் வந்தபடியே இரண்டு வாரும் தாடையடியில் குழைந்து தொங்க, வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தாடைக்கடியில் கிளிப் மாட்டியபின் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். அப்புறம் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மெட் தலையை லேசாகக் கீழே இழுக்கவேண்டும். இழுக்கவில்லை என்றால் வார் தளர்வு. தளர்ந்த வாரோடு விழுந்தால் ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதை ஹெல்மெட் செய்கிற கம்பெனிக்காரன் யோசித்ததாகத் தெரியவில்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் சேர்ந்தால் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. காலையில் முருகன்குறிச்சிப் பக்கம் நின்றால் நீலச் சைக்கிள்களும் ரிப்பன்களுமாகத் தெரு நிறைந்து போகும். ஆனால் பள்ளிக்கூட ஒழுங்குப்படி மடித்துக் கட்டிய இரட்டைச் சடை சரியாகக் காதடியில், வார் சேரவேண்டிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. என் பேத்திக்கு மாட்டிவிட்டபோது, "தாத்தா, ரிப்பன் நசுங்குது" என்றாள். ரிப்பனுக்காக வாரைத் தளர்த்தச் சொல்கிறாள் என்று புரிந்தது. பள்ளிக்கூடத்து விதியை மாற்ற நான் யார்? அவள் அம்மா சடையை நாலு விரல் கீழே இறக்கி, மடிப்பைத் தோள் பக்கமாகக் கட்டிவிட்டாள். வார் காதை ஒட்டி இறங்கியது. கொண்டை போடுகிறவர்கள் பிடரிக்குக் கீழே தாழ்த்திப் போடவேண்டும். உச்சியில் போட்டால் ஹெல்மெட் கொண்டையின் மேல்தான் உட்காரும். மல்லிகைச் சரத்தையும் பின்திருகுக்குக் கீழே குத்திக்கொள்ளலாம். ஆண்களுக்கு வேர்வைக்கென்று தலையில் துண்டைச் சுற்றி அதன்மேல் ஹெல்மெட்டை வைக்கிற பழக்கம் இருக்கிறது. அளவெடுத்து வாங்கியதெல்லாம் அதோடு போச்சு. மெல்லிய துணித் தொப்பி மட்டும் பரவாயில்லை. எண்ணெய் தேய்க்கிற தலை நம்முடையது. உள்ளே இருக்கிற மெத்தைகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசலாம். பெட்ரோல், தின்னர், பெயின்ட் மட்டும் ஓட்டின் பக்கமே போகக்கூடாது, தெர்மாகோலைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் வயதானவரின் பயம் என்று இளவட்டங்கள் நினைத்தால் அவர்களுக்கு ஒன்று சொல்வேன். உலகத்திலேயே வேகமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இதற்கு இணங்க மறுத்தவர்கள்தான். 1991-இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விதி பின்வாங்கியது. 1995-இல் டூர் டி பிரான்ஸில் மலையிறக்கத்தில் விழுந்து இத்தாலியின் ஃபாபியோ கசார்தெல்லி இறந்தார். ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸில் கஜகஸ்தானின் ஆந்த்ரேய் கிவிலெவ் தலையடிபட்டு இறந்தபிறகுதான், அந்த வருஷம் மே மாதம் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் கட்டாயமாக்கியது. இன்றைக்கு ஹெல்மெட் இல்லாமல் ஒரு பந்தய வீரரைப் படத்தில் பார்த்தால் நமக்கே விநோதமாக இருக்கிறது.

சரி, அப்படியானால் இங்கேயும் சட்டம் போடலாமா? எனக்குச் சம்மதம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990-லேயே சைக்கிள்காரர்களுக்குச் சட்டம் போட்டார்கள். அதனால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குறைந்தார்களா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் சைக்கிளில் போகிறவர் யார்? விடியுமுன் பால் கேன் மாட்டிப் போகிறவர், டீ டிரம் கட்டிப் போகிறவர், கொத்துவேலைக்குப் போகிறவர். அவர்களை மறித்து அபராதம் கேட்கிற நாள் வரவேண்டாம். நெதர்லாந்தில் பெரும்பாலோர் வெறுந்தலையோடுதான் சைக்கிளில் போகிறார்கள். அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு. இங்கே வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையும், ஓரத்து மணலும், குறுக்கே பாய்கிற நாயும், முந்திப்போய் உடனே ஓரங்கட்டுகிற பஸ்ஸும் நம் பாகம். பாதை போடவேண்டியது அரசாங்கத்தின் கடமை. ஹெல்மெட்டைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவக்கூடாது. பாதை வருகிறவரைக்கும் வாரை மாட்டவேண்டியது நாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டையும் கழற்றச் சொல்லுங்கள். அதோடு மரம் ஏறினாலோ, பூங்காவில் ஏணிச் சறுக்கில் விளையாடினாலோ, ஹெல்மெட் கம்பிக்கிடையில் சிக்கி வார் கழுத்தை இறுக்கிவிடும்.

அடிபட்ட ஹெல்மெட்டைக் குப்பையில் போடும்போது வாரைக் கத்திரியால் வெட்டிவிட்டுப் போடுங்கள். நம் ஊரில் குப்பைக்குப் போனது குப்பையிலேயே கிடப்பதில்லை. மேல் ஓடு பளபளவென்று இருந்தால் யாராவது எடுத்துத் துடைத்து, நல்லதென்று நம்பித் தன் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்.