வேலி பயிரை மேயும்போது

வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்களே, புற்றுநோய்க்கான இம்யூனோதெரபியில் சில சமயம் அதுதான் நடக்கிறது.

நோயை எதிர்க்கும் டி செல்கள் எல்லை மீறாமல் இருக்க, சி.டி.எல்.ஏ-4 என்று ஒரு பிரேக் உண்டு. அதை விலக்கினால் அவை புற்றுநோயைத் தாக்கும் என்று 1996-ல் எலிகளில் காட்டியவர் ஜேம்ஸ் அலிசன். 2018 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இந்த வழியில் வந்த இபிலிமுமாப் 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெலனோமா நோயாளிகள் பலரின் ஆயுளைக் கூட்டியது.

ஆனால் பிரேக் போன டி செல்கள் பெருங்குடலையும் விடுவதில்லை. இந்த மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது, அதுவும் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று மாத்திரை போட்டு அடக்கிவிடத் தோன்றும். டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவாரோ என்ற பயம் வேறு!

நிறுத்தி வைக்கலாம்தான். ஆனால் நிறுத்திய பிறகும் பலருக்கு மருந்தின் பலன் தொடர்கிறது. சீக்கிரம் சொன்னால் ஸ்டீராய்டில் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் இருக்கிறது. மறைத்தால் குடலில் ஓட்டையே விழலாம்.

புற்றுநோயையே எதிர்த்து நிற்பவர், எத்தனை தடவை வெளிக்குப் போனோம் என்று சொல்ல மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?