கதிரும் பிறையும்: மிசிசாகாவிலிருந்து ஒரு மடல்



இஸ்லாத்தின் அடிப்படை நம்பிக்கைகளையும் வழிபாட்டு முறைகளையும் விளக்கி எழுதுமாறு தாங்கள் கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை எழுதுவதற்கு, டொரன்டோவுக்கு மேற்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் அமைந்த மிசிசாகாவைவிடப் பொருத்தமான ஊர் எளிதில் வாய்க்காது. 2021ஆம் ஆண்டுக் கனடியக் குடிமதிப்பீட்டின்படி இந்நகரின் மக்கள்தொகை 7,17,961. அவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் முஸ்லிம். பாகிஸ்தானியர், இந்தியர், அரபியர், துருக்கியர், சோமாலியர் எனப் பல நாட்டவர் தோளோடு தோள் நிற்கும் தொழுகை வரிசைகளில், தென் தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்களும் நிற்கின்றனர். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வழிபாடு ஊரோடு சேர்ந்து தானே நடந்துவிடுகிறது: பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான பாங்கு ஒலிக்கும், மேற்கு நோக்கி நின்றால் போதும், பிறை தெரிந்த செய்தியை மார்க்க நீதிபதியான காஜி அறிவித்துவிடுவார். இங்கோ நேரம், திசை, மாதம் ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிட்டும் நூலைப் பார்த்தும் மார்க்க அறிஞரான ஆலிமிடம் கேட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருப்பதால், ஊரில் பழக்கத்துக்குள் மறைந்திருக்கும் காரணங்கள் இங்கு வெளியே தெரிகின்றன.

நம்பிக்கை, அதாவது ஈமான், எந்த நாட்டிலும் மாறாதது. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்பதையும், முஹம்மது நபி (ஸல்) அவனுடைய தூதர் என்பதையும் நெஞ்சார ஏற்று நாவால் சான்று கூறுவதே கலிமா. இஸ்லாத்தில் நுழைவதற்கான வாயில் அதுவே. இறைவன், வானவர்கள், இறைவன் அருளிய வேதங்கள், இறைத்தூதர்கள், இறுதித் தீர்ப்பு நாள், நன்மையும் தீமையும் இறைவனின் விதிப்படியே என்னும் கத்ர் ஆகிய ஆறையும் நம்புவது ஈமானின் கூறுகள் என்பர். வானவர் ஜிப்ரீல் ஒரு மனிதரின் தோற்றத்தில் வந்து நபிகளாரிடம் வினாக்கள் தொடுத்து இவற்றைச் சொல்ல வைத்ததாக முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பு பதிவுசெய்திருக்கிறது. ஹதீஸ் என்பது நபிகளாரின் சொல், செயல், ஒப்புதல் ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்பு. இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே இடையாள் எவரும் இல்லை என்பது இந்நம்பிக்கையின் நேரடி விளைவு. முன்னின்று தொழுவிக்கும் இமாம் பூசகர் அல்லர், தொழுகையை நடத்தத் தக்க அறிவுடைய ஒருவர் மட்டுமே. எனவேதான் முன்பின் அறியாத நாட்டிலும் மூன்று பேர் கூடினால் அவர்களுள் ஒருவரை முன்னிறுத்திக் கூட்டுத் தொழுகையைத் தொடங்கிவிட முடிகிறது.

நம்பிக்கை மாறாதது எனினும், செயல்முறை கதிரவனோடும் பிறையோடும் பிணைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை கடமை: விடியற்காலையில் சுபுஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், கதிர் மறைந்ததும் மஃரிப், செவ்வானம் நீங்கியதும் இஷா. நிற்றல், குனிதல், நெற்றி நிலத்தில் படச் சிரம் பணிதல் ஆகியவை சேர்ந்த ஒரு சுற்று ரக்அத் எனப்படும். ஐவேளைக்கும் முறையே 2, 4, 4, 3, 4 என நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள் கடமையாகின்றன. இந்த எண்ணிக்கை எங்கும் ஒன்றே. ஆனால் வேளையைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, கதிரின் நிலையே தீர்மானிக்கிறது; தமிழகத்துத் தென்கோடியில் ஆண்டு முழுவதும் சூரிய மறைவு ஒரு மணி நேர எல்லைக்குள்ளேயே நகர்வதால், இதை உணர அங்கு வாய்ப்புக் குறைவு.

மிசிசாகா வடக்கு 43 பாகைக்கு மேல் அமைந்துள்ளது. ஜூன் பிற்பகுதியில் இங்குக் கதிர் மறைய இரவு ஒன்பது மணியாகிறது, இஷாவுக்குப் பதினொன்றை நெருங்கிவிடுகிறது, சுபுஹு நான்கு மணிக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உறங்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம்கூட இல்லை. டிசம்பரிலோ லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் நண்பகலுக்குப் பின் ஐந்து மணிக்குள் அடங்கிவிடுவதால், அலுவலகத்தில் பணிபுரிபவர் வேலை நேரத்திலேயே மூன்று முறை இடம் தேடித் தொழ நேர்கிறது. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் அட்டவணையில் ஒவ்வொரு வேளைக்கும் பாங்கு நேரம் ஒரு பத்தியிலும், கூட்டுத் தொழுகை தொடங்கும் இகாமத் நேரம் மற்றொரு பத்தியிலும் அச்சிடப்பட்டிருக்கும். அஸருக்கு மட்டும் சில அட்டவணைகளில் இரண்டு தொடக்க நேரங்கள் தரப்பட்டிருக்கும். ஒரு பொருளின் நிழல், உச்சிப் பொழுதின் நிழலைக் கழித்து, அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ சட்டப் பள்ளியின் நிலை. நிழல் இரு மடங்காக வேண்டும் என்பது ஹனஃபி பள்ளியில் பெரும்பாலோர் பின்பற்றும் கருத்து. சட்டப் பள்ளி என்பது மத்ஹப், அதாவது ஒரு பேரறிஞரின் வழியில் வளர்ந்த விளக்க மரபு. தமிழகக் கடற்கரை மரக்காயர்களும் இலங்கை முஸ்லிம்களும் ஷாஃபிஈ வழியினர். உள்நாட்டு ராவுத்தர்களும் வட இந்தியர், பாகிஸ்தானியர், துருக்கியர் ஆகியோரில் மிகப் பெரும்பான்மையினரும் ஹனஃபி வழியினர். ஜூன் மாதத்தில் இவ்விரு நேரங்களுக்கும் இடையே இங்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருந்தும், இரு சாராரும் ஒரே இமாமின் பின்னால் ஒரே வரிசையில் நின்று தொழுதுவிடுகின்றனர்.

விடியலைக் கணிப்பதிலும் இத்தகைய ஆய்வு உண்டு. கீழ்வானில் வெண்கோடு பரவும் நேரமே சுபுஹின் தொடக்கம் என்பதால், அப்போது கதிர் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்பதே கேள்வி. வட அமெரிக்காவில் 15 பாகை என்ற கணக்கு பரவியுள்ளது. உலகின் பல பகுதிகளில் 18 பாகை கொள்ளப்படுகிறது. கோடையில் இந்த மூன்று பாகை வேறுபாடு மிசிசாகாவில் அரை மணி நேரத்துக்கும் சற்று மேலாகிறது. நோன்பு வைப்பவர் எப்போது உண்பதை நிறுத்த வேண்டும் என்பது அந்த அரை மணியில் தங்கியிருக்கிறது. இன்னும் வடக்கே, கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீத் 1938இல் எழுந்த எட்மன்டன் நகரில், கோடை நடுவில் அந்தியொளி நள்ளிரவிலும் முற்றாக நீங்குவதில்லை. 2010இல் மனிடோபா மாநிலத்தில் கட்டப்பட்டுச் சாலையிலும் ஆற்றிலுமாக ஏற்றிச் செல்லப்பட்ட பள்ளிவாசல் நிற்கும் இனுவிக் நகரில், கோடையில் கதிர் வாரக்கணக்கில் மறைவதே இல்லை. அத்தகைய இடங்களில், அண்மையில் உள்ள இயல்பான நகரத்தின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ பின்பற்றலாம் என அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர். கடமை நீங்குவதில்லை, அதை அளக்கும் கோல்தான் மாற்றப்படுகிறது. இந்த அறிவு மரபின் வலிமை இதில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

தொழுகையின் திசை கிப்லா எனப்படும். அது மக்காவில் உள்ள கஅபா என்னும் இறையில்லத்தை நோக்கியது. தமிழகத்திலிருந்து அது மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்தது. மிசிசாகாவிலிருந்தோ அது வடகிழக்கு. மக்கா இந்நகரைவிட மிகத் தெற்கே இருக்கும்போது வடக்குப் புறமாக எவ்வாறு நிற்பது என்ற ஐயம் இயல்பே. ஆனால் உலக உருண்டையின்மேல் இரு இடங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், மிகக் குறுகிய வழி வடகிழக்காகத் தொடங்கி அட்லாண்டிக் கடலைக் கடந்து வளைந்து இறங்குவது தெரியும். தட்டையான வரைபடத்தை நம்பித் தென்கிழக்கை ஏற்றோரும் வட அமெரிக்காவில் இருந்தனர். இன்று பெரும்பாலான பள்ளிவாசல்கள் வடகிழக்கையே கொண்டுள்ளன.

தொழுமுன் முகம், முழங்கை வரை கைகள், கணுக்கால் வரை பாதங்கள் ஆகியவற்றைக் கழுவி, தலையை ஈரக் கையால் தடவிக்கொள்வது ஒளூ எனப்படும். ஊரில் பள்ளிவாசலின் ஹவுள் என்னும் நீர்த்தொட்டியின் கரையில் அமர்ந்து செய்யும் இச்செயல், பனிக்காலத்தில் அலுவலகக் கழிப்பறைத் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துச் செய்யும் சிரமமாக மாறுகிறது. இதற்கும் நபிவழியில் ஒரு சலுகை உண்டு: முழுமையாக ஒளூச் செய்த பின் கணுக்காலை மூடும் தோல் காலுறை, அதாவது ஹுஃப், அணிந்துகொண்டால், அடுத்த ஒளூக்களில் பாதத்தைக் கழுவாமல் அதன் மேற்புறத்தை ஈரக் கையால் தடவினால் போதும். உள்ளூர்வாசிக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இச்சலுகை நீடிக்கும். தமிழகத்தில் கிதாபில், அதாவது மார்க்க நூலில், ஓதியதோடு நின்றுவிடும் இச்சட்டம், இங்கே ஜனவரி மாதத்தில் நாள்தோறும் பயன்படுகிறது.

பாங்கு இங்கே பள்ளிவாசலின் உள்ளேயே ஒலிக்கும். 2020ஆம் ஆண்டு ரமலான் நோன்பு மாதத்தில், பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தபோது, மிசிசாகா மாநகர மன்றம் இரைச்சல் தடை விதியிலிருந்து விலக்களித்து, நாளுக்கு ஒரு முறை மஃரிப் பாங்கை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதித்தது. அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. உள்ளே சென்று தொழ இயலாத மக்கள் நோன்பு திறக்கும் நேரத்தில் அவ்வழைப்பையேனும் கேட்கட்டும் என்ற அந்த முடிவு மனிதநேயமிக்கது. வெள்ளிக்கிழமை நண்பகலில் குத்பா என்னும் உரையோடு நடைபெறும் ஜும்ஆத் தொழுகைக்கு, இடமும் வாகன நிறுத்துமிடமும் போதாமையால், ஒரே பள்ளிவாசலில் இரண்டு மூன்று அமர்வுகள் நடத்துவது இப்பகுதியில் வழக்கமாகிவிட்டது.

ரமலான் மாத நோன்பு, விடியல் முதல் கதிர் மறையும் வரை உணவு, நீர், இல்லற உறவு ஆகியவற்றைத் துறந்து, பொய்யையும் புறம்பேசுதலையும் விலக்கி இருப்பதாகும். நோயாளியும் பயணியும் பின்னர் ஈடுசெய்யலாம். தீரா நோயினரும் முதியோரும் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். பிறை ஆண்டு கதிரவ ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது என்பதால் ரமலான் பருவந்தோறும் நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. தமிழகத்தில் இந்நகர்வால் நோன்பின் நீளம் பெரிதும் மாறுவதில்லை. இங்கோ 2016, 2017 ஆகிய ஆண்டுகளின் ஜூன் நோன்புகள் 17 மணி நேரத்தைக் கடந்தன, டிசம்பருக்கு வரும்போது அது பத்து மணிச் சில்லறையாகச் சுருங்கும். 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக ஒரே ஆங்கில ஆண்டில் ரமலான் இருமுறை பிறக்க இருக்கிறது. இஷாவுக்குப் பின் தொழும் தராவீஹ் என்னும் நீண்ட தொழுகை கோடையில் நள்ளிரவைத் தாண்டிவிடுவதால், காலையில் வேலைக்குச் செல்வோருக்கு அது உண்மையான சோதனை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த நோன்புக் கஞ்சியைத் தமிழ்க் குடும்பங்கள் இங்கும் காய்ச்சுகின்றன; பொதுக் கூடங்களில் பிரியாணியும் பேரீச்சம்பழமும் இருந்தாலும், ஊர்க்காரர் கூடி நோன்பு திறக்கும் இப்தாரில் கஞ்சி இல்லையேல் குறைபாடாகவே கருதப்படும்.

மாதத் தொடக்கம் எது என்பதில் இன்னும் ஒருமை ஏற்படவில்லை. பிறையைக் கண்ணால் கண்டாக வேண்டும் என்போர் ஒரு சாரார். வட அமெரிக்க ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) பேரவையைப் பின்பற்றி வானியல் கணிப்பை ஏற்போர் மற்றொரு சாரார். தெற்கு ஷெரிடன் வே சாலையில் உள்ள இஸ்னா கனடா என்னும் முஸ்லிம் அமைப்பின் இஸ்லாமிய நடுவம் கணிப்பு வழியைச் சார்ந்தது. ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாளும் அடுத்த வீட்டில் நோன்புமாக அமையும் ஆண்டுகள் உண்டு. பள்ளியிலும் அலுவலகத்திலும் விடுப்புக் கேட்பவர்களுக்கு இது வருந்தத்தக்க சிக்கல்.

உடல் வலிமையும் பொருளும் உள்ளவர் வாழ்வில் ஒருமுறை மக்கா சென்று, துல்ஹஜ் ஒன்பதாம் நாள் அரஃபாத் வெளியில் தங்கி நிறைவேற்றும் ஹஜ்ஜைப் பற்றி விரிக்க இம்மடலில் இடமில்லை. அதையொட்டிய பெருநாளில் கொடுக்கும் குர்பானி என்னும் பலி, இங்கு வீட்டு முற்றத்தில் அன்றி உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் நடைபெறுகிறது.

பொருளியல் சார்ந்த கடமைகளே இந்நகரில் மனத்தை மிகுதியும் அலைக்கழிக்கின்றன. ரிபா, அதாவது வட்டி, வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்டது. ஆனால் டொரன்டோ வட்டாரத்து வீட்டு விலையில் கடனின்றி வீடு வாங்குதல் பெரும்பாலோர்க்கு இயலாது. நிறுவனமும் வாங்குபவரும் பங்காளிகளாக வீட்டை வாங்கி, வாங்குபவர் மாதந்தோறும் வாடகை தந்து நிறுவனத்தின் பங்கைச் சிறிது சிறிதாக விலைக்கு வாங்கிக்கொள்ளும் முறை ஒரு மாற்று வழி. மார்க்கம் அனுமதிக்கும் இத்தகைய ஹலால் வீட்டு நிதியை விரிவாக்க ஆராய்வதாகக் கனடிய நடுவண் அரசே 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் குறிப்பிட்டது.

கட்டாயக் கொடையான ஸகாத் இந்த வட்டித் தடையின் மறுபுறம். ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டும் சேமிப்பு ஒரு பிறை ஆண்டு முழுவதும் ஒருவரிடம் தங்கினால், அதில் இரண்டரை விழுக்காட்டைக் கொடுத்தாக வேண்டும். அது ஈகையன்று, பெறுபவரின் உரிமை. வறியவர், தேவையுடையோர், கடனில் மூழ்கியோர், வழிப்போக்கர் உள்ளிட்ட எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. செல்வம் எங்கு உள்ளதோ அங்குள்ள வறியவருக்கே முதலுரிமை என்பது ஷாஃபிஈ பள்ளியின் வலுவான கருத்து. வேற்றூரில் உறவினரோ மிகுந்த வறியவரோ இருந்தால் அனுப்பலாம் என்பது ஹனஃபி நிலை. காயல்பட்டினத்திலிருந்தோ இலங்கையின் காத்தான்குடியிலிருந்தோ வந்த ஷாஃபிஈ குடும்பத்தவருக்கு ஊரில் கைம்பெண்ணான உறவினரும் திருமணத்துக்குக் காத்திருக்கும் ஏழைப் பெண்களும் உண்டு. மிசிசாகாவிலோ வாடகைக்கே வருவாய் கரைந்து உணவு வங்கியை நாடும் முஸ்லிம் குடும்பங்கள் பல. ஸகாத்தை இங்குள்ளவர்க்குக் கொடுத்து, ஊராருக்கு அதற்கு மேலான ஸதகா என்னும் விருப்பக் கொடையை அனுப்பலாம் என்பது ஒரு தீர்வு. தேவை கருதி ஹனஃபி கருத்தை ஏற்று ஸகாத்தையே அனுப்பலாம் என்பது மற்றொன்று. எதைக் கொள்வது என்பதை, ரமலான் தொடங்கும் முன்னரே கணக்கேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஆலிமைத் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே முடிவு செய்கிறது.