உட்கூரை

வாப்பா விட்டுப்போன மொரிஸ் மைனரின் உட்கூரைத் துணி ஒரு காலத்தில் சந்தன நிறம். முப்பது வருட வாடகை ஓட்டத்தில் அவர் ஊதிய பீடிப் புகை, சாரதி ஆசனத்துக்கு மேலே தேயிலைச் சாயமாய்ப் படிந்திருந்தது.

மகளுக்குச் சம்பந்தம் பேசி வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரை அந்தக் கறையின் கீழ் எப்படி இருத்துவது? குஷன் வேலைக்காரர் கேட்டதோ என் அரை மாதச் சம்பளம். வீட்டுச் சுவருக்குப் பூசி மிஞ்சிய வெள்ளைப் பெயின்டில் தண்ணீர் கலந்து, ஸ்பொஞ்சால் ஒற்றினேன். அன்று மாலை நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் துணி அப்பளமாய் விறைத்தது. அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் விலா எலும்பு போல் துருத்தின. நாலாம் நாள், வெள்ளைக்கு மேலால் அதே மஞ்சள் கசிந்து வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வேனிலேயே வந்து போனார்கள்.

குஷன்காரர் சிரித்தார். "சேர், தண்ணிப் பெயின்ட் புகைக் கறையக் கரச்சி மேல இழுத்திரும். கழட்டிப் புதிசு போடுங்க."

கழற்ற எனக்கு மனம் வரவில்லை. வாப்பாவின் ஞாபகமென்று வேறெதுவும் எங்களிடம் இல்லை. உம்மாவிடம் சொன்னேன். முன் ஆசனத்தில் ஏறியிருந்து அண்ணாந்து பார்த்தா.

"கழட்டு மகன். அவர்ர நெஞ்சும் உள்ளுக்கு இப்பிடித்தானே இருந்திருக்கும்."

வாப்பா மௌத்தானது நெஞ்சு நோயில். அந்த வீட்டுக்குள் அதுவரை யாரும் பீடியைக் குற்றம் சொன்னதில்லை.

சந்தன நிறமே வேண்டுமென்றா உம்மா. குஷன்காரரிடம் சாம்பல் நிறம்தான் இருந்தது. மற்றது கொழும்பிலிருந்து வர வேண்டுமாம்.